பேர் எழுதக் கூடாத கடிதம்

“நான் எழுதினதை ஒரே ஒரு ஆள் படிச்சாப் போதும் டீச்சர். மார்க் வேண்டாம்.”

தவசிமுத்து இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர் கையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தாள் ஒன்று இருந்தது.

மங்கையர்க்கரசி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“எதை?” என்றார்.

“என் லெட்டரை.”

*

அந்த லெட்டருக்கு இருபத்துமூன்று வயது.

தவசிமுத்துவுக்கு அப்போது முப்பத்தைந்து. நூற்பாலையில் வேலை. ஒரு நாள் பகல் ஷிப்டில் பஞ்சில் தீப்பிடித்தது. மிஷினை விட்டுவிட்டுப் போனார் என்று ஆலை அவர்மேல் குற்றம் சாட்டிப் பதில் கேட்டது. மேஸ்திரி ஏவித்தான் அவர் குடோனுக்குப் போனார். மேஸ்திரி அதைக் கடைசிவரை சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற வாய் அப்படித்தான் இருக்கும்.

நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. தவசிமுத்து ஐந்தாவது வரை போனவர்.

பதில் எழுதிக் கொடுத்தவன் குருவையா. சங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன். ஒரே தூக்குவாளியில் கைபோட்டுச் சாப்பிட்ட கூட்டாளி. மச்சான் மச்சான் என்றுதான் இருவருக்கும் பேச்சு. அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார்.

விசாரணையில் மானேஜர் அந்தப் பதிலைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

கடைசி வரி, ‘என் தவறை மன்னிக்கவும்’ என்று இருந்தது.

தவறை ஒத்துக்கொண்டவனிடம் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

குருவையா மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். தவசிமுத்து கதவைத் திறக்கவில்லை.

நாலாவதாகத் தபாலில் ஒரு கவர் வந்தது. கனமான கவர். ஓரத்தில் ‘அனுப்புநர்: ந. குருவையா’ என்று இருந்தது. பேரைப் பார்த்தார். தகரப்பெட்டியைத் திறந்து அடியில் போட்டு மூடினார்.

கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. பிரிக்கவும் மனசு வரவில்லை.

பிரிச்சுத்தான் பாருங்களேன் என்று பெண்சாதி சீனியம்மாள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்காக இரண்டு நாள் அவள் கையால் சோறு வாங்கவில்லை. அப்புறம் அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் முழுக்கக் குருவையா சாயங்காலம் ஆனால் தெருமுக்கு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டான். என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று தவசிமுத்து சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு குருவையா செத்துப்போனான். அடுத்த தெருதான். தவசிமுத்து துஷ்டிக்குப் போகவில்லை. பாடை அவர் வாசல் வழியாகத்தான் போனது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

*

ஆமாம், படிப்பு.

என் பதிலை என் கையால் எழுதுவேன், அவன் எழுதின அதே பாஷையில் எழுதுவேன் என்று ஒரு வீம்பு. எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் தனித்தேர்வர். இங்கிலீஷில் மட்டும் ஐந்து தடவை தோற்றார். பிறகு அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு. தொழில்முறைத் தகவல் தொடர்பு என்று அதற்குப் பேர். கடிதம் எழுதுவதை ஒரு பாடமாக வைத்திருந்தது அந்தப் படிப்பு ஒன்றுதான். அதனால் சேர்ந்தார்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பு அறையில் நடந்தது. பெஞ்சுக்குள் அவர் முழங்கால் நுழையாது. மூன்று வருஷமும் ஒருச்சாய்த்து உட்கார்ந்தே படித்தார்.

டீச்சர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள், எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிரமோஷனுக்கு என்றார் ஒரு பெண் போலீஸ். பிசினஸுக்கு என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெபராஜ். ஒரு லெட்டர் எழுத என்றார் தவசிமுத்து. வகுப்பு சிரித்தது. ஒரு லெட்டருக்கா மூணு வருஷம், எங்கிட்டச் சொன்னா டீ ஆறுறதுக்குள்ள எழுதித் தர்றேனே அண்ணாச்சி என்றார் ஜெபராஜ்.

“இன்னொருத்தன் எழுதித் தந்துதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்,” என்றார் தவசிமுத்து.

டீச்சர் சிரிக்கவில்லை.

மாதம் ஒரு தடவை அவர் அந்த லெட்டரைப் புதிதாக எழுதிக் கொண்டுவருவார். டீச்சர் உள்ளே ஒன்றையும் திருத்தமாட்டார். பென்சிலை எடுத்து, மேலே ‘பெறுநர்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒரு மாதம் அல்ல, எல்லா மாதமும்.

ஒருநாள் தவசிமுத்து பொறுக்காமல் கேட்டார். அட்ரஸ் சரியாகத்தானே எழுதியிருக்கிறேன், மானேஜர் என்று.

“அவர் எங்க இருக்காரு அண்ணாச்சி?”

“மில்லுல.”

“மில் எங்க இருக்கு?”

மில்லை இடித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்த மண்டபத்துக்கு வாட்ச்மேன் தவசிமுத்து. சாவிக்கொத்து அப்போது இடுப்பில்தான் தொங்கியது.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமும் மானேஜர் என்றே எழுதி வந்தார்.

*

மூன்றாம் வருஷத்து முதல் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் டீச்சர் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். கடிதக் கேள்வியில் சொந்தப் பேர், ஊர் எழுதக் கூடாது. பேருக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போடுங்கள். ஊருக்கு ஒய் ஒய் ஒய். திருத்துகிறவருக்கு எழுதினது யாரென்று தெரியக் கூடாது. தெரிந்தால் பேப்பர் செல்லாது.

“பேர் இல்லாம எழுதினா அது மொட்டைக் கடுதாசி டீச்சர்,” என்றார் தவசிமுத்து. “மொட்டைக் கடுதாசிக்கா டிகிரி குடுக்குறாங்க?”

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை டீச்சரும் சிரித்துவிட்டார்.

பரீட்சை நாளன்று கேள்வித்தாளைத் திருப்பினார். ஏழாவது கேள்வி. பத்து மார்க்.

‘நீங்கள் ஓர் ஆலையின் ஊழியர். உங்கள்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு விளக்கம் அளித்து மேலாளருக்குக் கடிதம் எழுதுக.’

யாரோ தேடிப்பிடித்து அவரிடம் கேட்ட மாதிரி இருந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் அவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை.

வேறு ஒரு கேள்வியும் எழுதவில்லை. கூடுதல் தாள் வாங்கி வாங்கி, பதினோரு பக்கம், இங்கிலீஷில். மேஸ்திரி சொன்ன சொல், குடோன் கதவு, தீயை அணைக்க அவர் பிடித்த மணல்வாளி, முழங்கையில் இன்றுவரை இருக்கிற தழும்பு. ஒரு இடத்தில்கூட மன்னிப்பு என்ற சொல் இல்லை.

முதல் வரியில், அனுப்புநர் என்ற இடத்தில், சு. தவசிமுத்து என்று எழுதினார்.

மறதியில் எழுதவில்லை. தெரிந்தேதான் எழுதினார்.

*

தகவல் தொடர்புத் துறையிலிருந்து தகவல் வர நாலு மாதம் ஆனது. விடைத்தாளில் அடையாளத்தை வெளிப்படுத்திய குற்றத்துக்காகத் தேர்வு ரத்து. இரண்டு வருஷம் எழுதத் தடை. விளக்கம் தேவையில்லை என்று கடைசியில் ஒரு வரி.

அந்தத் தாளோடுதான் அவர் டீச்சர் முன்னால் நின்றார்.

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

“திருத்துற முகாமுக்கு நானும் போயிருந்தேன்,” என்றார். “உங்க பேப்பர் என் கட்டுலதான் வந்துச்சு.”

தவசிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பப் படிச்சிட்டீங்க.”

“இல்ல.”

“ஒரு பக்கமாவது?”

“முதல் வரியில பேர் இருந்துச்சு. பாத்தேன். மூடிச் சிவப்புக் கோடு போட்டுக் குடுத்துட்டேன்.”

“என் பேருன்னு தெரிஞ்சுமா?”

“உங்க பேருன்னு தெரிஞ்சதாலதான்.”

அவருக்கு இந்த ஒரு ஆளையாவது நம்பினோமே என்று இருந்தது. குரல் உயர்ந்துவிட்டது.

“பேரைப் பாத்தா மூடிருவீங்களா? உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேண்டாமா? ஒரு மனுஷன் ராவும் பகலும் உக்காந்து எழுதி அனுப்பியிருக்கான். என்னதான் சொல்ல வர்றான்னு பிரிச்சு ஒரு...”

நின்றுவிட்டார்.

டீச்சர் காத்திருந்தார். தவசிமுத்து பல்கலைக்கழகத்துத் தாளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார்.

*

வீட்டில் சீனியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நேரே தகரப்பெட்டியிடம் போனதைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

கவர் பழுத்துப் போயிருந்தது. விரல் பட்டதும் ஓரம் உதிர்ந்தது.

உள்ளே நாலு தாள் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு மேல்முறையீடு. மேஸ்திரி சொன்ன சொல் இருந்தது. குடோன் கதவு இருந்தது. மணல்வாளி இருந்தது. மேஸ்திரி ஏவியதைக் காதால் கேட்டோம் என்று இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யார் யார் வீட்டு வாசலில் நின்று அதை வாங்கினானோ.

மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

இருபத்துமூன்று வருஷம் படித்தது வீண்போகவில்லை. அகராதி இல்லாமலே அவரால் அதை முழுக்க வாசிக்க முடிந்தது.

முதல் வரியில், அனுப்புநர் என்ற இடத்தில், சு. தவசிமுத்து என்று இருந்தது. கடைசித் தாளின் அடியில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

அதோடு ஒரு துண்டுத்தாள், தமிழில்.

‘மச்சான், மன்னிப்புன்னு ஒரு வரி போட்டா எச்சரிக்கையோட விட்டுருவேன்னு மானேஜர் சொன்னான். நம்பிட்டேன். உங்கிட்டச் சொல்லாமப் போட்டது என் தப்பு. குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போடு. பதினெட்டாம் தேதிக்குள்ள சேரணும். என் மூஞ்சியில முழிக்க இஷ்டமில்லேன்னா டீக்கடையில குடுத்துட்டுப் போ. சாயங்காலம் அங்கதான் இருப்பேன்.’

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து வகுப்புக்கு வந்தார். தடை இருப்பவர் வரத் தேவையில்லை. ஜெபராஜ் நகர்ந்து இடம் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அந்த நாலு தாளையும் டீச்சரின் மேஜைமேல் வைத்தார்.

“என் கூட்டாளி குருவையா எழுதினது. இதை இனிமே யாருக்கு அனுப்ப டீச்சர்?”

டீச்சர் வழக்கம்போலப் பென்சிலை எடுத்தார். பேரைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக, நிதானமாக, பெருக்கல் குறி வரைக்கும்.

தவசிமுத்து ஆறாம் வகுப்புப் பெஞ்சில் ஒருச்சாய்த்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தாள்களை அடுக்கி அவர் பக்கமாகத் தள்ளினார்.

“நல்லா எழுதியிருக்காரு,” என்றார்.