மடியில் ஏறிய சாம்பல் பூனை

முன்னொரு காலத்திலே, மேகத்தைப் பார்த்து யாரும் கெஞ்ச வேண்டியிராத காலத்திலே, காரைவனம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின் ஓரத்தில் பெரிய ஏரி. ஏரிக்கரையின் அடிவாரத்தில் ஓர் ஊர். ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவே மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு எது வந்தாலும் விரட்டக் கூடாதாம். வந்தது லட்சுமியாம். பாம்பு வந்திருந்தால்கூடப் பாய் விரித்திருப்பார்கள், அப்படிப்பட்ட ஜனங்கள்!

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், கரைமேலிருந்த புதர்களிலிருந்து சாம்பல் நிறப் பூனைகள் இறங்கி வந்தன. வீட்டுக்கு ஒன்று. காலடிச் சத்தமே இல்லை. யாரும் விரட்டவில்லை, பால் வைத்தார்கள். பாலைக் குடித்த பூனைகள் மடியில் ஏறிச் சுருண்டு, ஒரே சொல்லை முனகின. "அப்புறம்... அப்புறம்... அப்புறம்..."

அவ்வளவுதான், ஊர் உட்கார்ந்துவிட்டது. ஏர் நின்ற இடத்தில் நின்றது. குழந்தை அழுதால் தாய்க்குக் காது கேட்டது, எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை, துக்கமும் இல்லை. எதிலும் மனசு ஒட்டவில்லை.

ஆட்டை மடக்கப் போயிருந்த அஞ்சலை தாமதமாக வீடு திரும்பினாள். அண்ணன் சடையன் சுவரில் சாய்ந்திருந்தான், மடியில் பூனை. தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு அவன் ஒருத்தன்தான் எல்லாம். ஏரி நிரம்பினால் மதகுப் பலகையைத் தூக்கித் தண்ணீரை வெளியே விடுவது அவன் வேலை. அன்று பிடித்த மழை விடவே இல்லை. பலகையைத் தூக்காவிட்டால் கரை உடையும், உடைந்தால் முதலில் போவது அவர்கள் வீடுதான்.

முதலில் கெஞ்சினாள். "அண்ணே, ஏரி தளும்புது. எந்திரிண்ணே."

"அப்புறம் பாத்துக்கலாம் தாயி."

பூனை ஆட்டுக்குட்டி அளவு வளர்ந்தது.

அடுத்து ஏசினாள். "வெக்கமா இல்ல? ஊரே உன்னை நம்பியிருக்கு!"

"அப்புறம் பாத்துக்கலாம் தாயி."

பூனை கிடா அளவு வளர்ந்தது.

மூன்றாவதாகப் பயமுறுத்தினாள். "கரையில தண்ணி கசியுது! நாம செத்துப்போயிருவோம்!"

"அப்புறம்..." அவ்வளவுதான் சொன்னான். பூனை கன்றுக்குட்டி அளவு வளர்ந்து, அவன் மார்புவரை ஏறிப் படுத்தது. அவன் முகம் பழந்துணிபோல் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் விளக்கேற்றித் திரும்பினாள். வாசலில் இன்னொரு பூனை. விரட்டக் கை எழுந்தது, ஆனால் பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம் கையைத் தடுத்துவிட்டது. அந்த ஒரு நொடி போதும். பூனை உள்ளே வந்தது, அவளும் உட்கார்ந்தாள், அது மடியில் ஏறியது.

எவ்வளவு கதகதப்பு! அப்புறம் எவ்வளவு கனம்! "கரை எவ்வளவு நீளம்," என்று காதோரம் முனகியது பூனை. "நீ ஒருத்தி. அவ்வளவையும் உன்னால் செய்ய முடியுமா?"

"முடியாது," என்றாள் அஞ்சலை. சொன்னதும் அவளைப் பிடித்திருந்த பயம் போய்விட்டது. ஐயோ, அதுதான் கொடுமை! அண்ணன் சாகப் போகிறான், அவளுக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்பது மட்டும் எங்கோ ஓர் ஓரத்தில் முள்ளாய்க் குத்தியது.

"கரை கிடக்கட்டும். கால் மரத்துப்போச்சு, கட்டைவிரலை மட்டும் அசைச்சுக்கவா?" என்று பூனையிடம் கேட்டாள்.

கட்டைவிரல்தானே என்று பூனை கண்ணை மூடிக்கொண்டது. விரல் அசைந்தது. பூனை துளி இளைத்தது. அஞ்சலை கவனித்துவிட்டாள். காலை நீட்டினாள், இன்னும் இளைத்தது. எழுந்து நின்றாள், சாம்பல் உதிர்வதுபோல் உதிர்ந்து பூனை காணாமலே போனது. மலையளவு வேலையைக் காட்டித்தான் அது ஆளை அமுக்குகிறது, கடுகளவு வேலையை அதனால் தடுக்க முடியவில்லை!

மழையில் ஓடினாள். கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை மதகுப் பலகையில் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள், அவள் ஒருத்தி பலத்துக்குப் பலகை அசையவில்லை. கரையில் தண்ணீர் பீறிட்டது. மறு நுனியோடு வீட்டுக்கு ஓடிவந்தாள். இந்தத் தடவை கெஞ்சவில்லை, ஏசவில்லை, பயமுறுத்தவில்லை.

"அண்ணே, நீ எந்திரிக்க வேணாம். இதைச் சும்மா பிடிச்சுக்க."

சடையனின் விரல்கள் கயிற்றின்மேல் மெல்ல மூடின. பூனை ஓர் அங்குலம் சுருங்கியது.

"இது... எங்க போகுது?"

அவன் வாயிலிருந்து வேறொரு சொல்! "வாசல்வரைக்கும் வந்து பாரேன்."

வாசல்வரை வந்தான். பிறகு வேலிவரை. பிறகு மதகுவரை. அடிக்கு அடி பூனை சிறுத்து, கரையேறுகையில் ஒரு பிடி சாம்பலாய் மழையில் கரைந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். பலகை முனகிக்கொண்டு எழுந்தது, வெள்ளம் வாய்க்காலில் பாய்ந்தது. பின்னர் அஞ்சலை வீடு வீடாகப் போய் ஒருவர் கையில் துடைப்பம், ஒருவர் கையில் ஒரு கைப்பிடி மண் என்று கொடுத்தாள். விடிவதற்குள் ஊரே கரைமேல் மண் கொட்டியது. ராஜா அவளை ஏரிக் காவலுக்குத் தலைவியாக்கியது அதற்கப்புறம்.

ஆனால் அவளுக்குப் பரிசு அன்றைக்கே கிடைத்துவிட்டது. பலகை எழுந்த அந்த நேரம், காலடியில் சீறிய தண்ணீரைப் பார்த்த சடையனின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தங்கையின் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

"பயமா இருக்கு தாயி," என்றான்.

அஞ்சலை ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லுண்ணே!"