காலியாக வந்த விலாசம்

அது ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையதளம். விலாசக் கட்டம் காலியாக வந்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும். அங்கிருப்பவர் உடனே திருப்பிப் போன் செய்து கேட்பார். கட்டம் காலியா என்று சரிபார்க்கும் நிரல் வரியை எழுதியவர் இருதயராஜ். இருபது வருடம் மோட்டார் பம்பு பட்டறையில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தவர். கற்றுக்கொடுத்தவள் மெஹருன்னிசா. அவரைவிடப் பதினாறு வயது இளையவள்.

செவ்வாய்க்கிழமை, தனியாக இருந்த ஒரு பெண்மணி மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் கேட்டார். பெயரை எழுதியவரால் விலாசத்தை எழுத முடியவில்லை. மணி அடிக்கவில்லை. வியாழக்கிழமை பக்கத்து வீட்டார் கதவை உடைத்தபோது போன் அவர் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. யார் மேல் தப்பு என்று தேடித் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தும் விட்டார். பாவம், அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெஹருன்னிசாவிடம் போனார்.

"மேடம், 'ரிக்வயர்ட்'னா கட்டாயம்னுதானுங்க அர்த்தம்? நாம எடுத்துப் போட்ட ரெடிமேட் நிரலை எழுதுனவனுங்க பண்ணி வெச்சிருக்கறதப் பாருங்க. கட்டம் இருந்தாப் போதுமாம், உள்ள ஒண்ணும் எழுதாட்டியும் விட்டுருமாம். எழுதியிருக்கான்னு பாக்கறதுக்கு 'ஃபில்ட்'னு வேற ஒண்ணாம். மனுசனுக்குப் புரியற மாதிரியா பேரு வெச்சிருக்கானுங்க?"

"இல்லீங்ண்ணா. மோசமான பேருதான்."

"அப்ப, பேரு வெச்சவன் மேலதானுங்க தப்பு?"

அவள் மடிக்கணினியை வாங்கி ஒரு கோப்பைத் திறந்தாள். தளத்தை வெளியே விடுமுன் சரியாக ஓடுகிறதா என்று அவரே அனுப்பிப் பார்த்த பதினொரு ஒத்திகை அழைப்புகள் அதில் இருந்தன.

"படிங்ண்ணா."

"இருதயராஜ், நாலு பை பதினேழு, மாதா கோயில் வீதி..."

"அடுத்தது?"

"இருதயராஜ், நாலு பை பதினேழு..."

பதினொன்றையும் படிக்க வைத்தாள். பதினொன்றிலும் அவர் பெயர், அவர் வீடு, பின்கோடு உட்பட. ஏழாவதிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் படித்து முடித்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"பதினொரு பேரும் நிதானமா பின்கோடு வரைக்கும் எழுதியிருக்காங்க," என்றாள் மெஹருன்னிசா. "இதுல மூச்சுத் திணறுற ஆளு யாருங்ண்ணா?"