விளாம்பழ ஓட்டில் அடங்கிய முகம்

காட்டு மடு ஒன்றின் வடகரையில் ஒரு செந்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. அதற்குத் தன் சப்பை மூக்கைப் பற்றி ரொம்பப் பெருமை.

அந்த மூக்கு வந்த கதை வேறு. முன்பொரு தலைவன் கடமானிடம் உதை வாங்கி முகம் நசுங்கிப்போனான். பிழைத்து வந்தவனை எல்லோரும் வீரன் என்றார்கள். வீரனின் முகமே அழகு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து சப்பை மூக்குக்குச் சப்பை மூக்கோடுதான் சம்பந்தம். உதை வாங்கிய முகத்தை இப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றிய கூட்டத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது.

குட்டி கண் திறந்ததும் காய்ந்த விளாம்பழத்தின் பாதி ஓட்டை அதன் முகத்தில் கவிழ்ப்பார்கள். முகம் உள்ளே அடங்கினால் விருந்து. மூக்கு இடித்தால், பால் மறந்த கையோடு தென்கரைக்குத் துரத்திவிடுவார்கள்.

செம்பி என்ற தாய், போன ஈற்றில் பிறந்த மகளை அப்படித்தான் துரத்தினாள். நீள மூக்கோடு அந்தக் குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தோடு சேர்ந்து செம்பியும் உறுமினாள்.

இந்த ஈற்றில் ஒரே ஒரு ஆண்குட்டி. பெயர் சொப்பு. ஓட்டைக் கவிழ்த்தார்கள். முகம் முழுதாக உள்ளே போய்விட்டது.

"அசல் வாரிசு!" என்று துள்ளினான் தலைவன் மொண்ணையன். "இப்படி ஒரு முகம் நம்ம கூட்டத்துலயே பிறந்ததில்ல."

புள்ளிமான் இறைச்சியோடு விருந்து நடந்தது. செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் குட்டி பால் குடிக்கத் திணறுவதைப் பார்த்து அவள் மொண்ணையனிடம் போனாள்.

"தலைவரே, காம்பை வாயில வெச்சா புள்ளைக்கு மூச்சு முட்டுது. பாதியிலேயே விட்டுட்டு வாயப் பொளந்து மூச்சு வாங்குறான்."

"நல்ல பிறப்புன்னா அப்படித்தாம்மா இருக்கும். அந்தக் குறட்டையக் கேளு, புலி உறுமுற மாதிரி இருக்கு."

அந்தப் பேச்சில் செம்பி மயங்கிப்போனாள். குட்டியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

கோடை வந்தது. ஒரு மத்தியானம் தென்கரையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, உங்க பக்கம் புகை நாத்தம் வருது. தம்பியத் தூக்கிக்கிட்டு இங்க வந்துரு."

வடகரையில் எல்லோரும் மோந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"நீள மூக்குக்குப் பொறாமையப் பாரு" என்றான் மொண்ணையன். எல்லோரும் சிரித்தார்கள். செம்பி தயங்கினாள், பிறகு படுத்துவிட்டாள். பாவி, அப்போதே கிளம்பியிருக்கலாம்.

மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் காடு எரிவது தெரிந்தது. கூட்டம் இரைக்க இரைக்க மடுவை நோக்கி ஓடியது. செம்பி குட்டியின் பிடரியைக் கவ்வினாள். அவளுடைய குட்டைத் தாடைக்குப் பிடி கிடைக்கவில்லை. நாலடி போவதற்குள் குட்டி நழுவி விழுந்தது. மறுபடி கவ்வினாள். மறுபடி விழுந்தது. புகையில் சொப்பு வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அப்போது மடுவை நீந்திக் கடந்து மகள் வந்தாள். ஒரே கவ்வாகக் கவ்வித் தம்பியைத் தென்கரையில் சேர்த்தாள். பின்னாலேயே நீந்தி வந்த செம்பி, குட்டியின் முகத்தை நக்கினாள், புரட்டினாள், மறுபடி நக்கினாள்.

"நான் தூக்கும்போதே மூச்சு இல்லம்மா" என்றாள் மகள்.

செம்பி மகளைப் பார்த்தாள். "உன்னை விரட்டுன வாயால இவனைத் தூக்கக்கூட முடியலையேடி" என்று கதறினாள்.

மொண்ணையனும் ஈரம் சொட்டக் கரையேறி வந்தான். வாயில் கவ்வியிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான். அது விளாம்பழ ஓடு.

"நல்லவேளை, இதாவது தப்பிச்சுது. அடுத்த ஈற்றுல பார்த்துக்கலாம், செம்பி."

உயிருக்கு உதவும் உறுப்பை அழகுக்காகக் குறுக்கிப் பெருமைப்படுகிறவர்களின் பெருமைக்கு, பிறக்கும் பிள்ளைகளே தங்கள் மூச்சைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.