மகாராஜாவின் சிவந்த பல்

மங்களபுரியை ஆண்ட வீரகண்ட ராஜாவின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒன்று உத்தரவு போடும், இல்லாவிட்டால் வெற்றிலை போடும். அவர் பல்லைப் பார்த்துப் பட்டத்து யானையே மிரண்டதாகச் சொல்வார்கள். நான் நம்பவில்லை, யானைக்கு அவ்வளவு ரசனை ஏது!

இளவரசிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சம்பந்திகளைச் சிரித்த முகமாக வரவேற்க வேண்டுமே! ராஜா கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தார். பார்த்தவர் பயந்தே போனார்.

"கல்யாணத்துக்குள் என் பல் வெளுக்க வேண்டும்!" என்று சபையில் உறுமினார். "கரி, உப்பு, வேப்பங்குச்சி எதுவும் ஆகாது, ஈறு எரிகிறது. தின்கிற பண்டத்தாலேயே வெளுக்க வேண்டும். வெற்றிலையை விடு என்று எவனாவது சொன்னால் தொலைந்தான்!"

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரர் அம்பலவாணர் பணிவாகக் குனிந்தார். "நம் விதூஷகர் சாத்தப்பரால் ஆகாததா, பிரபு? முடியாவிட்டால் அவர் மீசையில் பாதியை எடுத்துவிடலாம்."

சாத்தப்பரின் கை தானாக மீசைக்குப் போனது. வீட்டுக்காரியின் தலைக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் அந்த மீசைக்குத் தவறியதில்லை.

"ஆகட்டும், மகாராஜா. பண்டத்தை நான் அனுப்புகிறேன். வெற்றிலையையும் தாராளமாகப் போடுங்கள். வாயில் இருப்பதை மென்று முடித்த பிறகு போட்டால் போதும்."

விடிந்ததும் கரும்பு வந்தது. அது தீருமுன் முள்ளங்கி. அது தீருமுன் முற்றிய தேங்காய்க் கீற்று. ராஜா கொலுவில் மென்றார், குதிரைமேல் மென்றார், தூங்கி வழிந்துகொண்டே மென்றார். அம்பலவாணர் வெற்றிலையை நீட்டுவார். ராஜா கன்னம் உப்ப, "ம்ஹும்" என்பார். ராஜாவுக்கென்று மடித்ததைத் திரும்பப் பெட்டியில் வைத்தால் அபசகுனம். கீழே போட்டாலோ வேலையே போய்விடும். பாவம், மனிதர் என்ன செய்வார்! தன் வாயிலேயே போட்டுக்கொள்வார்.

கல்யாண நாள் வந்தது. ராஜா சிரித்தார். பல்லெல்லாம் தேங்காய்ச் சில் மாதிரி பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளையே வெட்கப்பட்டுத் தன் வாயை மூடிக்கொண்டார்.

அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. கையால் வாயைப் பொத்தியபடி முன்னால் வந்தார். "மோசடி, பிரபு! கரும்பும் முள்ளங்கியும் ஊரே தின்கிறது. எது பல்லை வெளுக்க வைத்தது என்று சாத்தப்பரே சொல்லட்டும்!"

"சொல்லும்!" என்றார் ராஜா.

"தாங்கள் தின்னாத வெற்றிலைதான், மகாராஜா."

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னை வெற்றிலையை விட வைத்தீரா?"

சாத்தப்பரின் மீசை நடுங்கியது. "நான் விடச் சொல்லவில்லையே! தங்களுக்குத்தான் வாய் ஒழியவில்லை."

ராஜா யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று பட்டது. "அப்படியானால், தினமும் மடித்த வெற்றிலையெல்லாம் எங்கே போயிற்று?"

"அடைப்பக்காரரைக் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள், மகாராஜா."

அம்பலவாணர் கையை எடுத்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் முகூர்த்தமே தவறிப்போகப் பார்த்தது. சாத்தப்பருக்கு ஒரு பொன் மோதிரம் கிடைத்தது. அம்பலவாணருக்கு ஒரு கட்டுக் கரும்பு.