தொட்டில் கேட்ட கேள்வி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மரச்சாமானுக்கு வாய் முளைத்தால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படாத காலத்தில், மருதபுரி என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் மகரகேது. கெட்ட ராஜா இல்லை. ஆனால் எதையும் மாடியில் நின்றே பார்த்துப் பழகியவன். ஒருநாள் அப்படிப் பார்த்தபோது, தெருவில் குழந்தைகள் குறைந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. "நாளைக்கு வயலில் இறங்க ஆள் வேண்டாமா? கோட்டையைக் காக்க ஆள் வேண்டாமா? எனக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டாமா?" என்று கவலைப்பட்டு, விசித்திரகேசி என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டான்.

விசித்திரகேசி பலாமரத்தில் ஒரு தொட்டில் செய்தான். அதற்கு நாலு கால், ஒரு வாய். டக்கு டக்கு டக்கு என்று தெருவில் நடக்கும். பிள்ளையில்லாத வீட்டு வாசலில் நிற்கும். "இந்த வீட்டில் பிள்ளை எங்கே?" என்று மூன்று தடவை கேட்கும். காட்டுவதற்குப் பிள்ளை இல்லையென்றால் அந்த வீட்டு அடுப்பு அணைந்துபோகும். பிள்ளை பிறக்கும்வரை எந்த விறகு வைத்தாலும் பற்றாது. "வயிறு காய்ந்தால் தானாக வழிக்கு வருவார்கள், ராஜா" என்றான் விசித்திரகேசி. அவனுக்கே கல்யாணம் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

செக்குக்காரர் மனைவி பொன்னுத்தாய் எத்தனையோ வருஷமாக ஒரு பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவள். தொட்டில் அவள் வாசலிலும் நின்றது, கேட்டது, அடுப்பை அணைத்தது. அவள் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டது. கொடுமை என்றால் அதுதான் கொடுமை. கேட்கத் தெரிந்த தொட்டிலுக்கு எதிரே நிற்பவள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தத் தெருக்கோடியில் ஒரு சத்திரம். அங்கேயே குடியிருந்து சமைத்துப் போடுவது வடிவாளும் அவள் புருஷன் கொம்பையனும். கல்யாணமான புதிதிலேயே இருவரும் பேசி, நமக்குப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். அதில் ஏக்கமும் இல்லை, சண்டையும் இல்லை. வடிவாளுக்கு அந்தச் சத்திரத்து அடுப்புதான் பிழைப்பு, அதுதான் சந்தோஷமும். பொன்னுத்தாயின் அழுகையைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் உச்சிவேளைக்கு முன் வாசலில் சத்தம் கேட்டது. டக்கு டக்கு டக்கு.

"இந்த வீட்டில் பிள்ளை எங்கே?"

"இல்ல" என்றாள் வடிவாள்.

"இந்த வீட்டில் பிள்ளை எங்கே?"

கொம்பையன் அவள் காதோடு சொன்னான். "வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம்னு ஏதாச்சும் சாக்கு சொல்லேன் வடிவு. அடுப்பு போயிடும்."

"நெசத்தைச் சொல்லிப் போனா போகட்டுங்க. பொய் சொல்லிக் காப்பாத்தின அடுப்புல நான் என்னத்தைச் சமைக்கிறது?" என்றவள் தொட்டிலைப் பார்த்தாள். "எங்களுக்குப் பிள்ளை வேணாம். அவ்வளவுதான்."

தொட்டில் மூன்றாவது தடவையும் கேட்டது. அடுப்பு அணைந்தது. உலையில் அரிசி பாதி வெந்த நிலையில் நின்றது. வடிவாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொட்டில் திரும்பியது. ஆனால் போக வழியில்லை. வாசல் நிறையப் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா அம்மா காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் ஆளுக்கொரு இலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். அதில் ஆகச் சின்னவள் சிட்டு.

"அக்கா, சோறு?"

"அதோ நிக்குதே, அதைக் கேளு. அடுப்பை அணைச்சது அதுதான்."

சிட்டு தொட்டிலின் முன்னால் போய் நின்றாள். "எங்க சோறு எங்கே?" தொட்டில் ஒரு அடி பின்னால் போனது. "எங்க சோறு எங்கே?" இன்னொரு அடி பின்னால் போனது. "எங்க சோறு எங்கே?"

அதுவரை கேட்டே பழகிய தொட்டில் அது. அதை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "எனக்கு அணைக்கத்தான் தெரியும், ஏற்றத் தெரியாது" என்றது மெதுவாக. பிறகு வடிவாளிடம், "இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் என்று முன்பே சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பேனே" என்றது.

"அதுக்காக விட வேணாம்" என்றாள் வடிவாள். "நான் ஒருத்தருக்கும் ஒரு பருக்கை போடாதவளா இருந்தாலும், எனக்குப் பிள்ளை வேணுமா வேணாமான்னு நான்தான் சொல்லணும். அது வேற, இது வேற. இப்ப இதுங்க பசிக்கு என்ன வழி?"

"என்னை ஏவிய ராஜா மனது வைத்தால்தான் மந்திரம் போகும்."

"அப்ப நட, அவரையே கேப்போம்."

கூடவே வந்த சிட்டுக்குப் பாதி வழியில் கால் வலித்தது. கேட்காமலே தொட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதில் ஒரு பிள்ளை ஏறியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு டக்கு டக்கு சத்தமே இல்லை, தொட்டில் அவ்வளவு மெதுவாக நடந்தது.

அரண்மனையில் ராஜா இலை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இந்த வீட்டில் பிள்ளை எங்கே?" என்றது தொட்டில்.

ராஜா சிரித்தான். "என்னிடமேவா? நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் என் பிள்ளைகள்தான்."

"சரி. சாப்பிட்டார்களா?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி விசித்திரகேசியைப் பார்த்தார். விசித்திரகேசி கூரையைப் பார்த்தான்.

"சாப்பிட்டார்களா?"

"சாப்பிட்டிருப்பார்கள்."

"இல்ல" என்று தொட்டிலுக்குள்ளிருந்து சிட்டு சொன்னாள்.

"சாப்பிட்டார்களா?"

ராஜா தன் இலையைப் பார்த்தான். அரண்மனை அடுப்புகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கொதித்துக்கொண்டிருந்த பாயசம் அடங்கியது. "ஏற்றுடா!" என்று அதட்டினான் ராஜா. விசித்திரகேசி மூன்று மந்திரம் சொன்னான். மூன்றுக்கும் புகைதான் வந்தது. தொட்டிலோ, "எனக்கு இன்னும் பதில் வரவில்லை" என்று அப்படியே நின்றது.

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத் தெரியாது" என்றான்.

"வந்து பாருங்க மகாராஜா" என்றாள் வடிவாள்.

வந்தான், நடந்தே வந்தான். சத்திரத்தில் பிள்ளைகள் வெறும் இலைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தன் இலையின் ஓரத்தைக் கிழித்து மென்றுகொண்டிருந்தான். மாடியிலிருந்து இதெல்லாம் தெரியாது. ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து விறகை உள்ளே தள்ளினான்.

"பிள்ளை பெறுவதும் பெறாததும் அவரவர் இஷ்டம். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. பிறந்த பிள்ளைக்குச் சோறு போடவேண்டியது என் வேலை. அதை நான் செய்யவில்லை. இனிமேல் செய்வேன்."

குப்பென்று அடுப்பு எரிந்தது. பொன்னுத்தாய் வீட்டில் எரிந்தது, ஊரெல்லாம் எரிந்தது. அன்றைக்குப் பந்தியில் கடைசி இலை ராஜாவுக்கு.

அன்றுமுதல் அரண்மனைக் களஞ்சியத்து அரிசி மத்தியானம்தோறும் எல்லாச் சத்திரத்துக்கும் வந்தது. தொட்டில் வடிவாளின் சத்திரத்திலேயே தங்கிவிட்டது. களையெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தையை அதில் கிடத்திவிட்டுப் போவார்கள். உப்பு விற்க வந்தவர், தண்ணீர் குடிக்க வந்தவர், யாராக இருந்தாலும் போகிற போக்கில் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். வடிவாளும் ஆட்டுவாள், ஆட்டிவிட்டு நிம்மதியாகத் தன் அடுப்புக்குத் திரும்புவாள். தொட்டிலுக்கு இப்போது ஒரே கேள்விதான் தெரியும்: "சாப்பிட்டாச்சா?"

பிள்ளைகள் பட்டினி கிடக்குமோ என்ற பயம் போனதும் ஊரில் சிலர் பிள்ளை பெற்றார்கள், சிலர் பெறவில்லை. பொன்னுத்தாய்க்குப் பிறந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். மருதபுரியில் அந்தக் கேள்வியை இப்போது யாரும் யாரிடமும் கேட்பதில்லை.