சுனையில் போட்ட ரொட்டி

தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கி, அங்கேயே கிடந்து செத்துப்போனவனின் கதையைக் கிரேக்கர்கள் குழந்தைகளுக்குக்கூடச் சொல்வார்கள். அந்தக் கதை நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் ஒரு மலையூர் கண்ணிருந்தும் குருடாயிற்று. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவ்வூரில் கிளேயா என்ற விதவைக்கு இரட்டைப் பிள்ளைகள். மகன் அல்கான், மகள் மிர்தோ. இருவருக்கும் ஒரே முகம், தோளில் புரளும் ஒரே சுருள்முடி. மிர்தோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

செத்தவர்கள் ஓர் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கூடப் பிறந்தவனின் முடியை வெட்டிக் கல்லறையில் வைத்தால்தான் அக்கரை சேர முடியும். இது அவ்வூர் நம்பிக்கை. அல்கானோ வெட்ட மறுத்துவிட்டான். தினமும் தன் பங்கு ரொட்டியோடு சுனைக்குப் போவான். குனிந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்பான். ரொட்டியைப் பிட்டுத் தண்ணீரில் போடுவான்.

"தன் அழகிலேயே சொக்கிக் கிடக்கிறான் பாரு! அதான் முடிமேல அவ்வளவு ஆசை" என்று ஊர் சிரித்தது.

மாலையில் வீடு திரும்பும் மகனின் முகத்தைக் கிளேயா வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். பிறகு கெஞ்சுவாள். "முடியைக் கொடுத்துடுப்பா. அவ கரையிலேயே தவிச்சுக்கிட்டு நிக்கிறா."

"வெட்டிட்டா அவளை நான் எங்கேம்மா போய்ப் பார்ப்பேன்?"

நாளாக நாளாக அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒரு மதியம் அவன் அசந்து தூங்குகையில், கிளேயா ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியை எடுத்தாள். அழுதுகொண்டே வெட்டினாள். சுருள்களைத் துணியில் முடிந்து கல்லறையில் வைத்துவிட்டு வந்தாள்.

விழித்தவன் தலையைத் தடவிப் பார்த்துச் சுனைக்கு ஓடினான். தண்ணீரில் மிர்தோ இல்லை. எலும்பும் தோலுமாக யாரோ ஒருவன் இருந்தான். அல்கான் கதறினான். அழுகை ஓய்ந்தபோது, பழக்கத்தில் அதே கேள்விதான் வாயில் வந்தது. "சாப்பிட்டியா?"

பின்னால் வந்து நின்ற கிளேயா ரொட்டியை நீட்டினாள். அவளை நிமிர்ந்து பாராமல் வாங்கித் தின்றான்.

முடியைத் தர மறுத்த மகன், கேட்காமல் வெட்டிய தாய், கேலி பேசிய ஊர். இதில் யார் செய்தது சரி?

விடை: ஊரைத் தள்ளுங்கள். தன்மேல் ஆசை உள்ளவன் தன் ரொட்டியைத் தண்ணீரிலா போடுவான்? அல்கானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் போனவளைப் பார்த்துப் பார்த்து, இருக்கிற தன்னைப் பார்க்க மறந்தான். தாய் செய்ததுதான் சரி. மகளைப் பார்க்க அவளுக்குச் சுனைகூட வேண்டியிருக்கவில்லை, மகன் முகமே போதும். வெட்டினால் தனக்கும் அந்த முகம் போய்விடும் என்று தெரிந்துதான் கத்தரியை எடுத்தாள்.