மகாராஜா தலையில் நூற்று நாற்பத்து நான்கு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், மகாராஜாவின் தலையில் பேன் புகுந்துவிட்டது. ஒரே ஒரு பேன்தான். ஆனால் அரண்மனைப் பேன் அல்லவா, தினமும் இரட்டிப்பாகப் பெருகியது.

"அந்த முதல் பேன் ஏறிய நாளில் என் கிரீடத்தை எவன் தன் தலையில் வைத்தானோ, அவனுக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுங்கள்!" என்று கர்ஜித்தார் மகாராஜா.

சாத்தப்பன் என்ற விகடகவியைக் கண்டாலே ஆகாத கணித மேதை பூதலிங்கம் எழுந்தார். "வெள்ளிக்கிழமை சாத்தப்பன் வேடிக்கை காட்டக் கிரீடத்தை அணிந்ததைச் சபையே கண்டது, பிரபு. தீர்ப்பு வரும்வரை சாட்சிகளைக் கொல்லக் கூடாது என்று பேன்களையும் தங்கள் தலையிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறேன்." சொல்லிவிட்டு, யோசிப்பவர்போலத் தலையைச் சொறிந்தார்.

சாத்தப்பன் தன் குடுமியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் மனைவிக்கு அவனிடம் பிடித்தது அந்தக் குடுமி ஒன்றுதான்.

அரண்மனை நாவிதர் கும்பிட்டபடி வந்தார். "ஞாயித்துக்கெழமை எண்ணினேன், நேத்து புதன்கெழமையும் எண்ணினேன் மகாராஜா. பயத்துல தனித்தனிக் கணக்கு மறந்துபோச்சு. ரெண்டு நாளும் சேர்த்து நூத்தி நாப்பத்தி நாலுங்க."

பூதலிங்கம் கைதட்டினார். வண்டி நிறைய ஓலைச்சுவடிகள் வந்து இறங்கின. "இரட்டிப்புக் கணக்கை அவிழ்க்கும் வாய்பாடுகள், பிரபு. புரட்டி முடிக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை இவன் சிறையில் இருக்கட்டும்." மறுபடியும் சொறிந்தார்.

"ஒரு மாதமா? அதற்குள் பேன்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நம்மை விசாரிக்கும்" என்ற சாத்தப்பன், தன் துண்டை முடிந்து தூக்கிக் காட்டினான். "பிரபு, ஞாயிற்றுக்கிழமைப் பேன்கள் மொத்தமும் இந்த ஒரு மூட்டைக்குள். எத்தனை என்று இப்போது கேட்காதீர்கள். திங்களன்று இரண்டு மூட்டை. செவ்வாயன்று நான்கு. புதனன்று?"

"எட்டு" என்றார் மகாராஜா, சொறிந்துகொண்டே.

"ஞாயிறு ஒன்று, புதன் எட்டு, ஆக ஒன்பது மூட்டை. நூற்று நாற்பத்து நான்கை ஒன்பதால் வகுத்தால் மூட்டைக்குப் பதினாறு. இனிப் பின்னோக்கி நடப்போம். சனி எட்டு, வெள்ளி நான்கு. நான் கிரீடம் வைத்த அன்றே நான்கு பேர் குடியிருந்திருக்கிறார்கள்! வியாழன் இரண்டு, புதன் ஒன்று. போன புதன்கிழமை கிரீடம் யாரிடம் இருந்தது?"

கிரீடக் காவலர் தொண்டையைச் செருமினார். "தோஷம் கழிக்கணும்னு கணிதரய்யாதான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனாருங்க."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பூதலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. பத்து விரலாலும் சொறிந்தேவிட்டார்.

மகாராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். கழுதையும் வந்தது, நாவிதரும் கத்தியைத் தீட்டினார். "சாத்தப்பா, உன் மூளைக்குப் பரிசாக இந்தக் கிரீடத்தை ஒரு நாள் முழுக்க நீயே அணிந்துகொள்!" என்று மகாராஜா கிரீடத்தைக் கழற்றி நீட்டினார்.

சாத்தப்பன் குடுமியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். "இன்று வியாழன், பிரபு. இருநூற்று ஐம்பத்தாறு! தங்கள் கழுத்தில் இருக்கும் அந்த முத்துமாலையே போதும்."

சிரிப்பு அடங்காமலே மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார் மகாராஜா. அவன் அதையும் ஒருமுறை நன்றாக உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.